இஞ்சினை ஆறவிட்டுப் பாருங்கள், கியர்பாக்ஸைச் சூடாக்கிப் பாருங்கள்

போன தீபாவளிக்கு முன்னால் என் அக்கா மகன் வந்து நின்றான். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊரில், லிந்தாங் சாலைப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி போடுகிறான். மூட்டை ஏற்ற ஒரு பழைய பிக்கப் வேண்டும். "மாமா, ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மீட்டர்ல 92,000 தான் இருக்கு. முன்பணம் கொடுத்திடட்டுமா?" என்றான். கொடுக்காதே, அந்த வண்டி இத்தனை நாள் எங்கே ஓடியது என்று முதலில் கேட்டு வா என்று அனுப்பினேன். மறுநாள் வந்து சொன்னான்: ஒரு தோட்டத்து வண்டி.

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் 26 ஆண்டுகள் வொர்க்‌ஷாப் ஃபோர்மேனாக (தலைமை மெக்கானிக்காக) இருந்தவன் நான். தோட்டத்து பிக்கப்பின் ஒரு நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்குப் போகும். அங்கே இஞ்சின் ஓடிக்கொண்டே நிற்கும். பிறகு ஆட்களையும் உரத்தையும் ஏற்றிக்கொண்டு முதல் கியர், இரண்டாம் கியரிலேயே மண் சாலையில் ஊர்ந்து போகும். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஆனால் இஞ்சின் ஆறு மணி நேரமாவது ஓடியிருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். 92,000 கிலோமீட்டர் என்றால் 2,300 நாள், அதாவது 13,800 மணி நேரம். நெடுஞ்சாலையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் 250,000 ஓடிய வண்டியின் இஞ்சின் 3,600 மணி நேரம்கூட உழைத்திருக்காது. மீட்டரைத் திருப்பாமல் நேர்மையாக விற்றாலும் அந்த எண் உங்களுக்கு உதவாது.

அதனால் எண்ணை விட்டுவிட்டு வண்டியிடமே கேட்க வேண்டும். அதற்கு நான் வைத்திருக்கும் வழி ஒன்றுதான். இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது உண்மை சொல்லும், கியர்பாக்ஸ் நன்றாகச் சூடேறிய பிறகு உண்மை சொல்லும். விற்கிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகத்தான் காட்டுவார்கள். நீங்கள் போகும்போது இஞ்சின் சூடாக இருக்கும். கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, கியர்பாக்ஸ் சூடேறும் முன்பே திரும்பிவிடுவார்கள். 2011-இல் நானே இப்படி ஒரு வண்டி வாங்கினேன். பகல் 11 மணிக்கு வரச் சொன்னார்கள், போனேன், தட்டியதும் ஸ்டார்ட் ஆனது. வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையில் அரை நிமிடம் சுற்றியும் பிடிக்கவில்லை. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நான்கையும் மாற்றிய செலவில் என் மகளின் கல்லூரிக்கு எடுத்து வைத்திருந்த பணம் போனது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை. இதை இவ்வளவு விரிவாக எழுதுவதும் அதனால்தான்.

ஆகவே காலை ஏழு மணிக்கே போங்கள். முந்தின இரவிலிருந்து யாரும் ஸ்டார்ட் செய்யக்கூடாது என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் திறந்து இஞ்சினைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பு இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். இஞ்சினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தாலும் எனக்குப் பிடிக்காது. தூசியும் எண்ணெய்க் கசிவும் இருந்தபடி இருந்தால்தான் எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க முடியும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் அளவு காட்டும் கம்பியை எடுத்துப் பாருங்கள். டீசல் இஞ்சினில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும், கறுப்பு குற்றமில்லை. தேன் நிறத்தில் புத்தம்புதிதாக இருந்தால்தான் ஏன் இன்றைக்கு மாற்றினீர்கள் என்று கேட்க வேண்டும். சத்தத்தையும் புகையையும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுகிறவர்கள் உண்டு. அளவு மேல் கோட்டைத் தாண்டி நின்று, மோந்தால் டீசல் வாடை அடித்தால் இன்ஜெக்டர் பக்கமிருந்து டீசல் கீழே இறங்குகிறது என்று பொருள். ரேடியேட்டர் மூடியையும் இப்போதே, ஆறியிருக்கும்போதே திறந்து பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கக்கூடாது. ஆட்டோ, அதாவது தானாகக் கியர் மாறும் வண்டியானால் உள்ளே பால் கலந்த ரோஸ் சிரப் மாதிரி எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் குழாய் ஓட்டையாகி இரண்டும் கலந்துவிட்டது. அந்த வண்டியை அப்படியே விட்டுவிடுங்கள், கியர்பாக்ஸ் அதிக நாள் தாங்காது.

இப்போது சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு நீங்கள் புகைக்குழாய்ப் பக்கம் போய் நில்லுங்கள். நம் ஊர் விடியல் குளிரெல்லாம் ஒரு குளிரே இல்லை. நல்ல டீசல் இஞ்சின் இரண்டு மூன்று விநாடியில் பிடித்துவிட வேண்டும். முதல் நொடியில் மெல்லிய புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. நின்ற இடத்திலேயே வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து கண் எரிந்தால், அது எரியாத டீசல்: இன்ஜெக்டரோ கம்ப்ரஷனோ (உள்ளே காற்று இறுகும் அழுத்தமோ) சரியில்லை. வெள்ளைப் புகையில் இனிப்பு வாடை இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போய் எரிகிறது, இஞ்சின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை, இல்லை டீசல் மிஞ்சுகிறது. இதைப் பெரும்பாலும் சரி செய்துவிடலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஸ்டார்ட் ஆன இரண்டு நிமிடத்துக்குள் ரேடியேட்டர் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். தண்ணீர் சூடாகும் முன்பே அது கல்லாக இறுகியிருந்தால் இஞ்சினுக்குள் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது.

அப்புறம், இஞ்சின் நின்றபடி ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாய்மேல் தலைகீழாக வையுங்கள். கொஞ்சம் ஆடும், அது சகஜம். குபுகுபுவென்று புகை தள்ளி மூடியைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இஞ்சினைப் பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹால் செலவு காத்திருக்கிறது. பட்டறையில் ஆயிரம் கருவி இருக்கலாம். ஒரு காசு செலவில்லாத இந்தச் சோதனை என்னை ஒரு நாளும் ஏமாற்றியதில்லை.

எந்த இஞ்சினில் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. 2005 முதல் வந்த பழைய ஹைலக்ஸ் 2.5, 3.0 லிட்டர் டீசலிலும், டிரைட்டன் 2.5-இலும், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இஞ்சினே போய்விடும். எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். பிறகு வந்த ஹைலக்ஸ் 2.4, 2.8-க்கும், டிமேக்ஸ் 3.0-க்கும், ரேஞ்சர் 2.2-க்கும் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலிதான். நவாரா 2.5-உம் சங்கிலிதான், ஆனால் அதன் முந்தைய வண்டிகளில் சங்கிலி தளரும், காலையில் முன்பக்கம் சலசலவென்று கேட்கிறதா என்று காது கொடுங்கள். பழைய ஹைலக்ஸ் 3.0-இல் இன்ஜெக்டருக்கு அடியிலுள்ள செம்பு வாஷர் கசிந்தால் கரி ஆயிலில் கலந்து, கீழே ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்துவிடும். அந்த வாஷரை எப்போது மாற்றினார்கள் என்று கேட்டால் நல்ல ஃபோர்மேன் பார்த்துவந்த வண்டியா இல்லையா என்பது பதிலிலேயே தெரிந்துவிடும்.

சரி, இனி கியர்பாக்ஸ். டீசலுக்கு நான் காசு தருகிறேன், நீங்களும் கூட வாருங்கள் என்று உரிமையாளரை அழைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் ஓட்டுங்கள். நான் போகும் வழி எப்போதும் ஒன்றுதான். சுங்கை சிப்புட்டிலிருந்து பழைய சாலையில் கோலகங்சார், அங்கே நெடுஞ்சாலையில் ஏறி ஈப்போ நோக்கி மெனோரா சுரங்கம் வரை ஏற்றம், சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் இறக்கம், பிறகு செம்மோர் வழியாகத் திரும்புதல். அந்த ஏற்றம் கியர்பாக்ஸைச் சூடாக்கும், அந்த இறக்கம் இஞ்சினைச் சோதிக்கும்.

ஆட்டோ வண்டியில் ஏற்றத்துக்கு முன்னால் மெதுவாக 60, 70-இல் லேசாக மிதித்தபடி போங்கள். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சாலையில் ஏறியது போல வண்டி நடுங்கினால் இஞ்சின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பக்கம் கோளாறு. ஏற்றத்தில் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஆர்பிஎம் (இஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் துள்ளி எழுந்து வண்டி பின்தங்கினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன. ஆறியிருக்கும்போது இது பெரும்பாலும் தெரியாது. ஊர் திரும்பியதும் சூட்டோடு சூடாக பிரேக்கை மிதித்துக்கொண்டு 'ஆர்', 'டி' என்று மாற்றுங்கள். ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். இரண்டு விநாடி யோசித்துவிட்டுத் 'தொப்'பென்று பிடித்தால் வாங்காதீர்கள். கம்பி இருக்கும் வண்டியானால் கியர் ஆயிலை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகித் தீய்ந்த வாடை வரக்கூடாது. பல புதிய வண்டிகளில் அந்தக் கம்பியே இல்லை, ஃபோர்மேன் அடியில் ஏறித்தான் பார்க்க வேண்டும்.

கையால் கியர் மாற்றும் மேனுவலில் வேலை குறைவு. மேல் கியரில் 50-இல் போய் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தட்டு முடிந்தது. நின்றபடி நியூட்ரலில் ஒரு முனகல் கேட்டு, கிளட்ச்சை அமுக்கியதும் அது நின்றால் கியர்பாக்ஸ் பேரிங். அமுக்கும்போதுதான் சத்தம் வருகிறது என்றால் கிளட்ச் பேரிங், அது மலிவு. இரண்டாம் கியர் கரகரப்பதும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் தானாக வெளியே குதிப்பதும் தோட்டத்து வண்டிகளில் நான் நிறையப் பார்த்தவை.

ஜெலாப்பாங் இறக்கத்தில் மிதிக்காமல் கியரிலேயே இறங்கி, கீழே வந்ததும் ஒருமுறை நன்றாக மிதித்துப் பின்கண்ணாடியைப் பாருங்கள். அப்போது மட்டும் நீலப் புகை கிளம்பினால் எங்கிருந்தோ ஆயில் உள்ளே இறங்குகிறது, வால்வு சீலையும் சந்தேகப்பட வேண்டும்.

நான்கு சக்கர ஓட்டத்தைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள், உள்ளே முறுக்கேறிவிடும். தோட்டத்துச் செம்மண் சாலைக்குப் போய் 4-எச் (வேக ஓட்டத்துக்கு), பிறகு வண்டியை நிறுத்தி நியூட்ரலில் 4-எல் (மெதுவான இழுவைக்கு) போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் போடாமலேயே துரு ஏறிய வண்டிகள் இருக்கின்றன. பின் அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலின் ஆயில் திருகைக் கழற்றி விரல் விட்டுப் பாருங்கள்; ஆயில் பால் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, வண்டி கால்வாயில் மூழ்கி எழுந்திருக்கலாம்.

பெயர் மாற்றத்துக்கு வாகனப் பரிசோதனை நிறுவனமான புஸ்பாகோமின் சோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது சேஸிஸ் எண், இஞ்சின் எண், பிரேக், புகை இவற்றைப் பார்க்கிறது. உங்கள் கியர்பாக்ஸ் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது அதன் வேலை இல்லை. ஆனால் கிரானில் (வண்டிப் பதிவு அட்டையில்) உள்ள இஞ்சின் எண்ணையும் வண்டியில் உள்ளதையும் நீங்களே முதலில் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஹாஃப்-கட், அதாவது பாதியாக வெட்டி வந்த பழைய வண்டியின் இஞ்சினை மாற்றிப் பதிவு செய்யாமல் விற்றால் பணம் கொடுத்த பிறகு அலைவது நீங்கள்தான்.

அக்கா மகனின் அந்த 92,000 வண்டி ஆயில் மூடிச் சோதனையிலேயே தோற்றது. இரண்டாவது வண்டியின் கியர்பாக்ஸ் மெனோரா ஏற்றத்தில் வழுக்கியது. மூன்றாவது, ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் சாமான் ஏற்றிய ஒரு கடைக்காரருடையது: 2.5 மேனுவல், மீட்டரில் 268,000. சீட் கிழிந்திருந்தது, பெயின்ட் வெளுத்திருந்தது, ஆனால் ஒரு பிளாஸ்டிக் உறையில் எல்லா சர்வீஸ் பில்லும் இருந்தன. காலையில் இரண்டு விநாடியில் பிடித்தது. அவன் முகத்தில் பெரிய மகிழ்ச்சி இல்லை, எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். வாங்கிய அன்றே இஞ்சின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றுக்கும் ஆயில் மாற்றினோம், டைமிங் பெல்ட்டும் மாற்றினோம். தேதியையும் கிலோமீட்டரையும் பெல்ட் மூடிமேல் வெள்ளை பெயின்டில் நானே எழுதினேன். இப்போது வாரம் மூன்று நாள் ஈப்போ சந்தைக்குப் போய் வருகிறது. அடுத்த ஆயில் மாற்றம் வருகிற சனிக்கிழமை, என் வீட்டு வாசலில்.