ஏட்டில் நாச்சம்மை, வீட்டில் நாத்யா: ரஷ்யப் பெயர் தேர்ந்தெடுக்கும் முறை

செட்டிநாட்டில் தலைப்பிள்ளைக்கு ஐயா (தாத்தா) பெயரோ அப்பத்தா பெயரோ போவது வழக்கம். மாமியார் பெயரைச் சொல்லி மருமகள் அதட்ட முடியாது; அதனால் கூப்பிட ஒரு பெயரும் கூடவே வரும். ரஷ்யர்களிடமும் இதே இரட்டை ஏற்பாடுதான்: பாஸ்போர்ட்டில் நதாலியா, அடுப்படியில் நதாஷா. ரஷ்யப் பெயர் மேல் ஆசை என்றால் அப்பத்தா பெயரைத் தள்ள வேண்டாம், கூப்பிடும் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் எழுத்தைப் பிடித்துத் தேடுவது சுலபம். நாச்சம்மைக்கு நாத்யா. இது நதேஜ்தாவின் செல்லச் சுருக்கம், பொருள் நம்பிக்கை. சொர்ணத்துக்கு சோன்யா, முழுப்பெயர் சோஃபியா, கிரேக்கத்தில் ஞானம். வள்ளியம்மைக்கு வால்யா பொருந்தும். முழுப்பெயர் வலென்டினா, 'வலிமை' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது; 1963-ல் விண்வெளிக்குப் போன முதல் பெண்மணி தெரஷ்கோவாவின் பெயர். ஆனால் 'வாலு' என்று பள்ளிக்கூடத்தில் கேலி வரும், அதற்குத் தயாராக இருங்கள். சாத்தப்பனுக்கு சாஷா (அலெக்சாந்தர், மனிதரைக் காப்பவன்), மெய்யப்பனுக்கு மீஷா (மிகாயில், 'கடவுளுக்கு நிகர் யார்' என்ற எபிரேயக் கேள்வி). ரஷ்யாவில் ஆண்பிள்ளைகளின் செல்லப்பெயரும் 'ஆ'வில்தான் முடியும். நம் காதுக்குப் பெண்பெயர் போலப் படும். வீட்டில் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

'சுத்தமான ரஷ்யப் பெயர்' வேண்டும் என்பவர்கள் கவனிக்க: 988-ல் கீவ் நாட்டு மன்னர் விளாதிமிர் கிறிஸ்தவம் ஏற்றபின் பெரும்பாலான பெயர்கள் கிரேக்கத் திருச்சபை வழியாக வந்தவை. யூரி என்பதே கிரேக்க 'ஜார்ஜ்', அதாவது உழவன். ஓல்காவும் ஈகோரும் வடக்கே ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்தவை. ஸ்லாவிய வேர் உள்ளவை கொஞ்சம்தான்: லுத்மீலா (மக்களுக்கு இனியவள்), ஸ்வெத்லானா (ஒளி). ஸ்வெத்லானா பழங்காலப் பெயர்கூட இல்லை, 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கவிஞர்கள் உண்டாக்கியது. நதேஜ்தா, வேரா, லுபோவ் மூன்றும் புனிதைகளின் கிரேக்கப் பெயர்களை அப்படியே ஸ்லாவிய மொழியில் பெயர்த்தவை.

தப்பு நடப்பது பெரும்பாலும் எழுத்தில். நதேஜ்தாவை ஆங்கில எழுத்தில் பார்த்துவிட்டு 'நதேழ்தா' என்று எழுதுகிறார்கள். அந்த ஒலி நம் ழகரம் அல்ல, 'ஜ'வுக்கும் 'ஷ'வுக்கும் நடுவில் உரசி வருவது. 'ஜ' போட்டால் போதும். 'உயிர்' என்று பொருள்படும் ஸோயாவைச் 'சோயா' என்று எழுதினால் மளிகைச் சீட்டு ஆகிவிடும். வேராவைக் கூப்பிட்டால் 'வேறயா?' என்று பதில் வரும். நிகிதா இங்கே பெண்பெயர். ரஷ்யாவில் ஆண்பெயர், 'வெற்றி பெறுபவன்' என்று பொருள். சோவியத் தலைவர் குருஷ்சேவின் பெயர் அதுதான். எலேனாவின் சுருக்கமான லேனா அழகான பெயர், ஆனால் நம் பக்கம் 'லெ' என்ற எழுத்தை லேனா என்றே சொல்வதால், லேனா என்றாலே இனிஷியல். 'லேனா யாரு, என்ன பேரு?' என்றுதான் கேட்பார்கள். தமாரா நம் தாமரை போல ஒலித்தாலும் பொருள் பேரீச்ச மரம். மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்யக்கூடிய பெயர் அது, நாக்குக்கும் சிரமமில்லை.

ககாரின் என்பது குடும்பப்பெயர்; லெனின், ஸ்டாலின் இரண்டும் புனைபெயர்கள். தமிழ்நாட்டில் இவை இடுபெயர்களாக நிலைத்துவிட்டன, ரஷ்யர் ஒருவர் கேட்டால் திகைப்பார். தகப்பன் பெயரோடு 'ஓவ்னா', 'ஓவிச்' சேர்க்கும் ரஷ்ய வழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். அந்த வேலையை இனிஷியல் பார்த்துக்கொள்கிறது.

கடைசியாகப் பதிவு. பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை அப்போதே எழுத வேண்டியதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணம். அந்த அவகாசத்தில் முகப்பில் நின்று இரண்டாம் கட்டுவரை கேட்கும்படி ஒரு வாரம் கூப்பிட்டுப் பாருங்கள். ரஷ்யப் பெயரையே ஏட்டிலும் ஏற்றுவதானால் சுருக்கத்தை எழுதாமல் முழுப்பெயரை எழுதுங்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் எழுத்துக்கூட்டலைத் தாளில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் எழுதுபவர் காதில் விழுந்ததுதான் சான்றிதழில் வரும்.