வினைச்சொல்லை மாணவர்கள் தாமே கண்டுபிடிக்க: ஆசிரியருக்கான செயல்முறை

‘செயலைக் குறிக்கும் சொல் வினைச்சொல்’ என்று பாடத்தைத் தொடங்கினால் பத்து நிமிடத்திலேயே சிக்கல் வந்துவிடும். ஓட்டம், சிரிப்பு, சண்டை, சமையல் என எல்லாவற்றையும் மாணவர்கள் அடிக்கோடிடுவார்கள். எல்லாம் செயல்தானே! இருந்தான், தெரியும், பிடிக்கும், மறந்தாள் போன்றவற்றையோ விட்டுவிடுவார்கள். கண்ணுக்குத் தெரிகிற செயல் அவற்றில் ஒன்றும் இல்லை. இதற்காக மாணவர்களைக் கடிந்து பயனில்லை. சொல்லிக்கொடுத்த வரையறையைத்தான் அவர்கள் பின்பற்றுகிறார்கள்.

தொல்காப்பியத்தின் வினையியல், வேற்றுமை (ஐ, கு, ஓடு போன்ற உருபுகள்) ஏற்காது, காலத்தோடு தோன்றும் என்று வினையின் வடிவத்தைச் சொல்லித்தான் தொடங்குகிறது. இந்த இரண்டையும் அப்படியே வகுப்பறைச் சோதனைகளாக மாற்றிக்கொள்ளலாம். முதல் இரண்டு வகுப்புகளுக்கு வேறு எந்த இலக்கணக் குறியீடும் தேவைப்படாது.

முதல் சோதனை: காலத்தை மாற்று

கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: நேற்று மாறன் வேகமாக ஓடினான். அவன் ஓட்டம் எல்லோருக்கும் பிடித்தது.

‘நேற்று’ என்பதை அழித்துவிட்டு ‘நாளை’ என்று எழுதி, மீதியைத் திருத்தச் சொல்லுங்கள். ‘நாளை மாறன் வேகமாக ஓடுவான். அவன் ஓட்டம் எல்லோருக்கும் பிடிக்கும்’ என்று வரும். எந்தச் சொற்கள் மாறின என்று கேளுங்கள். ஓடினான், பிடித்தது இரண்டு மட்டும். ‘ஓட்டம்’ அசையவே இல்லை. வினை எதுவென்று நீங்கள் சொல்வதற்கு முன்பே அவர்கள் பிடித்துவிடுவார்கள்.

இதே முறையில் எட்டு முதல் பத்துத் தொடர்கள் வரை செய்யவையுங்கள். தொடர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வினைமுற்று (ஓடினான் போலப் பொருள் முடிந்து நிற்கும் வினை) இருக்கட்டும். செயலைக் குறிக்கும் பெயர் ஒன்று கூடவே இருக்கட்டும். கால்வாசித் தொடர்களில் வினை இரு, தெரி, மற, தூங்கு போன்ற அசைவில்லாத வினையாக இருக்கட்டும். எச்சங்களை (வந்து, வந்த போலப் பொருள் முடியாமல் நிற்கும் வினைகளை) இப்போது கொண்டுவரக் கூடாது. ‘வந்து பேசினான்’ என்பதை நாளைக்கு மாற்றினால் ‘வந்து பேசுவான்’ என்றுதான் ஆகும். ‘வந்து’ மாறாமல் நிற்பதால், அது வினையில்லை என்று மாணவர் முடிவுகட்டிவிடுவார்.

நிகழ்காலத்தையும் முதல் நாள் தவிர்ப்பது நல்லது. ‘நாளைக்கு வருகிறேன்’ என்று நாம் இயல்பாகவே பேசுகிறோம். ‘இன்று வருகிறேன்’ என்பதை நாளைக்கு மாற்றச் சொன்னால் வினையைத் தொடாமலே விட்டுவிடுவார்கள், அதில் தவறும் இருக்காது.

இன்னொன்று: ‘காலம் காட்டும் சொல் வினை’ என்று சுருக்கிச் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் நேற்று, நாளை, பிறகு எல்லாவற்றின் கீழும் கோடு விழும். ‘நேற்று’ என்பதற்கு ஒரே காலம்தான் உண்டு. தன் வடிவத்தை மாற்றி வெவ்வேறு காலங்களைக் காட்டுவது வினை.

இரண்டாம் சோதனை: ‘ஐ’ சேர்த்துப் பார்

ஓட்டத்தை, சிரிப்பை, சமையலை என்று சொல்ல முடிகிறது. ‘ஓடினானை’, ‘சிரித்தாளை’ என்று இன்றைய தமிழில் யாரும் சொல்வதில்லை. ‘ஐ’ ஏற்றால் பெயர்.

முதல் சோதனை மட்டும் ஏன் போதாது என்பதை ‘வந்தவன்’ காட்டிக்கொடுக்கும். நேற்று வந்தவன், நாளை வருபவன் எனக் காலத்துக்கேற்ப அது மாறுகிறது. ஆனால் வந்தவனை, வந்தவனுக்கு, வந்தவனோடு என வேற்றுமையையும் ஏற்கிறது. ஆகவே அது பெயர்தான். ‘வினையாலணையும் பெயர்’ என்ற கலைச்சொல்லைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

ஒரே வடிவம் பெயராகவும் வினையாகவும் வருமிடத்தில் இரண்டு சோதனைகளையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். படி, ஓடு, ஆடு, கல், கட்டு, அடி, விளக்கு ஆகிய ஏழு சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தொடர் எழுதச் சொல்லுங்கள். ‘விளக்கை ஏற்றினாள்’, ‘பாடத்தை விளக்கினாள்’ என்று எழுதும்போதே வேறுபாடு தெளிந்துவிடும்.

வேரைத் தேடுவது

வினையைக் கண்டுபிடித்த பிறகு அதன் பகுதியை, அதாவது வேர்ச்சொல்லைக் கேட்டால், வந்தான் என்பதற்கு ‘வந்’ என்றும், கற்றான் என்பதற்கு ‘கற்’ என்றும் பதில் வரும். ஒருவருக்குக் கட்டளையிடுவதுபோல் சொல்லச் சொல்லுங்கள். ‘நீ வா’, ‘நீ கல்’, ‘நீ நில்’, ‘நீ கேள்’. ஏவல் ஒருமைதான் பகுதி. தெரி, புரி போன்றவற்றில் ‘நீ தெரி’ என்று சொல்ல முடியாது. அங்கே தெரிந்தது, தெரிகிறது, தெரியும் மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பொதுவாக நிற்கும் பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

சொல்லைப் பிரிப்பது

பிரிப்பதைச் சொல்லின் கடைசியிலிருந்து தொடங்குங்கள். எழுவாயை மட்டும் மாற்றி எழுதவையுங்கள்: நான் படித்தேன், நாங்கள் படித்தோம், நீ படித்தாய், நீங்கள் படித்தீர்கள், அவன் படித்தான், அவள் படித்தாள், அவர் படித்தார், அது படித்தது, அவை படித்தன. மாறுவது விகுதி. அடுத்து, அவன் என்பதை நிறுத்திவைத்துக் காலத்தை மட்டும் மாற்றுங்கள்: படித்தான், படிக்கிறான், படிப்பான். இப்போது மாறுவது இடைநிலை.

இந்த இடத்தில் எழுத்துமுறையே ஒரு தடை. ‘படித்தான்’ என்பதைத் துண்டுத்தாளில் எழுதி வெட்டச் சொன்னால் படி, த், தான் என்று வெட்டுவார்கள். ‘தா’ என்ற ஒரே எழுத்துக்குள் இடைநிலையின் ‘த்’ என்ற மெய்யும், விகுதியின் ‘ஆ’ என்ற உயிரும் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே வெட்டுவதற்கு முன் உயிர்மெய்யைப் பிரித்து எழுதுவது கட்டாயம்: ப் அ ட் இ த் த் ஆ ன். இதைக் கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினால் பிழை வெகுவாகக் குறையும். பிறகு படி + த் + த் + ஆன் என்று தானாகவே பிரியும்.

இரண்டு ‘த்’களில் எது சந்தி (பகுதியை அடுத்த உறுப்போடு இணைக்கும் எழுத்து), எது இடைநிலை என்ற கேள்வி உடனே வரும். பகுதியை ஒட்டி நிற்பது சந்தி, விகுதியை ஒட்டி நிற்பது இடைநிலை. சாரியை (இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே வரும் உறுப்பு) உள்ள சொற்களில் இந்த வழி உதவாது. வந்தனன் என்பதில் இடைநிலைக்கும் விகுதிக்கும் நடுவே ‘அன்’ சாரியை நிற்கிறது. தொடக்கத்தில் அத்தகைய சொற்களைத் தவிருங்கள். படித்தது, படித்தன என்பவற்றின் ஈறுகளையும் ‘அது’, ‘அன’ என்றே சேர்த்துக் காட்டிவிடலாம். சாரியையைப் பிரிப்பது ஓராண்டு கழித்து வந்தாலும் குடிமுழுகிப் போகாது.

இடைநிலைகள் இவை: இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன். நிகழ்காலத்துக்குக் கிறு, கின்று (ஆநின்று இன்று வழக்கில் இல்லை). எதிர்காலத்துக்கு ப், வ். இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பதைவிட, மாணவர்களே சேகரித்த வினைகளை மூன்று காலத்திலும் எழுதவைத்து அட்டவணையாக்குவது நிலைக்கும். செய்தான், செய்கிறான், செய்வான். நடந்தான், நடக்கிறான், நடப்பான். படித்தான், படிக்கிறான், படிப்பான். ஓடினான், ஓடுகிறான், ஓடுவான். இருபது வினைகள் சேர்ந்ததும் ஓர் ஒழுங்கு புலப்படும்: நிகழ்காலத்தில் ‘க்கிற்’ வந்தால் எதிர்காலத்தில் ‘ப்ப்’ வருகிறது, ‘கிற்’ மட்டும் வந்தால் பெரும்பாலும் ‘வ்’ வருகிறது. உண்பான், தின்பான், காண்பான் போன்றவை விலக்கு. இதை நீங்களாகச் சொல்லாமல் அவர்கள் பார்த்துச் சொல்லும்வரை பொறுத்திருக்கலாம்.

அதே அட்டவணையில் இன்னொரு புதையலும் உண்டு. உடைந்தது, உடைத்தான்; அணைந்தது, அணைத்தான்; சேர்ந்தது, சேர்த்தான்; நனைந்தது, நனைத்தான். இத்தகைய இணைகளில் ‘ந்த்’ வந்தால் தானே நிகழ்வது, ‘த்த்’ வந்தால் ஒருவர் நிகழ்த்துவது. ‘யார் உடைத்தது?’ என்று கேட்டால் ‘அதுவே உடைந்தது’ என்று பதில் சொல்லிப் பழகிய பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. எல்லா வினைக்கும் இது பொருந்தாது. நடந்தான் என்பதற்கு இணை நடத்தினான். ஆனாலும் தன்வினை, பிறவினை பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது.

விகுதிகளைப் படித்ததும் ஒரு புதுப் பிழை முளைக்கும். ஆன், ஆள், ஏன் என முடிவதெல்லாம் வினை என்று எண்ணி மான், நாள், தேன் ஆகியவற்றையும் வட்டமிடுவார்கள். விகுதியை எடுத்தபின் மிஞ்சுவதில் பகுதி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் போதும். ‘ம்’, ‘ந்’, ‘த்’ பகுதிகள் ஆகா.

பேச்சுத்தமிழ் தரும் இடைஞ்சல்

பேச்சில் ‘மாடு வந்துச்சு’, ‘மாடெல்லாம் வந்துச்சு’ இரண்டும் ஒன்றே. அதனால் எழுத்தில் ‘மாடுகள் வந்தது’ என்று வரும். வந்தது, வந்தன, வருகிறது, வருகின்றன என்று இணையாகச் சொல்லிப் பழக்குங்கள். பன்மையில் ‘வருகிறன’ இல்லை, ‘வருகின்றன’தான் என்பதைத் தனியாகச் சுட்டிக்காட்ட வேண்டும். எதிர்காலத்தில் ஒருமை, பன்மை இரண்டுக்கும் ‘வரும்’ என்பதே போதும்.

வந்துட்டான், போச்சு, சொல்லிட்டிருக்கா போன்ற பேச்சு வடிவங்களைக் கொடுத்து எழுத்து வடிவம் கேட்பது நல்ல பயிற்சி. மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த இலக்கணம் அதில்தான் இருக்கிறது.

எச்சங்கள்

‘படித்த...’ என்று எழுதி நிறுத்துங்கள், முடிக்கச் சொல்லுங்கள். ‘படித்த பாடம்’, ‘படித்த பெண்’ என்று பெயர்கள் வரும். ‘படித்து...’ என்று எழுதினால் முடித்தான், தேறினாள் என்று வினைகள் வரும். எது குறைகிறதோ அதுவே எச்சத்தின் பெயர்: பெயரெச்சம், வினையெச்சம். ‘படித்தான்’ என்று எழுதினால் எதுவும் குறையவில்லை, அது முற்று.

அடுத்த சொல்லை மட்டும் பார்த்து முடிவுசெய்யும் பழக்கத்தை உடனே முறிக்க வேண்டும். ‘எழுதி நேற்று என்னிடம் கொடுத்தான்’ என்பதில் ‘எழுதி’க்குப் பின்னால் வினை உடனே வரவில்லை, அது கொண்டு முடிவது ‘கொடுத்தான்’. இடையில் பிற சொற்கள் வரலாம், இதற்கு இடைப்பிறவரல் என்று பெயர். எச்சத்திலிருந்து அது கொண்டு முடியும் சொல்லுக்கு அம்புக்குறி போடச் சொல்வது சிறந்த வழி.

‘செய்து’ என்னும் வாய்பாட்டை (வந்து, எழுதி போன்ற வடிவங்களை) இறந்தகால வினையெச்சம் என்று சொன்னதும், ‘நாளை வந்து பேசுவான் என்கிறோமே, அது எப்படி இறந்தகாலம்?’ என்று கூர்மையான மாணவர் கேட்பார். பேசுவதற்கு முன்பே வருவது நடந்து முடிந்துவிடுகிறது. அந்த வகையில் அது இறந்தகாலம். ‘மழை பெய்யும்’, ‘பெய்யும் மழை’ என்ற இணையையும் இங்கே காட்டிவிடுங்கள். ஒரே வடிவம் முற்றாகவும் பெயரெச்சமாகவும் வரும்.

துணைவினைகளும் வினையில்லாத் தொடர்களும்

‘தட்டு உடைந்துவிட்டது’ என்பதில் எத்தனை வினை? ‘யார் எதை விட்டார்கள்?’ என்று கேளுங்கள். யாரும் எதையும் விடவில்லை. ‘விடு’ தன் பொருளை இழந்து, உடைந்தது என்பதற்குத் துணை நிற்கிறது. ‘கயிற்றை விட்டான்’ என்பதில் அதுவே முதல்வினை. எழுதிக்கொண்டிருக்கிறாள் போன்ற நீண்ட வடிவங்களில் பொருளை முதல் உறுப்பிலும், காலத்தையும் ஆளையும் கடைசி உறுப்பிலும் தேடச் சொல்லுங்கள்.

‘என் தம்பி மாணவன்’ என்ற தொடரில் வினையே இல்லை. எல்லாத் தொடரிலும் வினை இருக்கும் என்று நம்பியவர்கள் ‘மாணவன்’ என்பதையே வட்டமிடுவார்கள். பயிற்சித்தாளில் ‘வினை இல்லை’ என்பதையும் ஒரு விடையாக வையுங்கள். இல்லை, உண்டு போன்றவை காலத்தை வெளிப்படையாகக் காட்டாத குறிப்பு வினைகள்; முதல் சோதனையில் இவை சரியாக விழாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சரிபார்க்க ஒரு பத்தி

காலையில் மழை பெய்தது. தெருவில் ஓடிய நீரைப் பார்த்துச் சிறுவர்கள் மகிழ்ந்தார்கள். ஒருவன் காகிதக் கப்பல் செய்து நீரில் விட்டான். அது சுழன்று கவிழ்ந்துவிட்டது. அவர்கள் சிரிப்பு நிற்கவில்லை. கப்பல் செய்தவன் கெட்டிக்காரன்.

முற்றுகள்: பெய்தது, மகிழ்ந்தார்கள், விட்டான், கவிழ்ந்துவிட்டது, நிற்கவில்லை. பெயரெச்சம்: ஓடிய. வினையெச்சங்கள்: பார்த்து, செய்து, சுழன்று. கடைசித் தொடரில் வினை இல்லை.

மதிப்பெண்ணைவிடப் பிழையின் இடத்தைக் குறித்துவையுங்கள். ‘சிரிப்பு’ வட்டமிடப்பட்டிருந்தால் ‘ஐ’ சோதனைக்குத் திரும்புங்கள். ‘செய்தவன்’ வட்டமிடப்பட்டிருந்தாலும் அதுவே மருந்து. பார்த்து, சுழன்று விடுபட்டிருந்தால் அரைத்தொடர்களை முடிக்கும் பயிற்சியை மறுபடி கொடுங்கள். ‘நீரில் விட்டான்’ என்பதைத் துணைவினை என்று எழுதியவரிடம், எதை விட்டான் என்று மட்டும் கேளுங்கள்.