உடற்பயிற்சி தொடங்கிய பின்னும் எடை குறையாவிட்டால்

உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் எடை இறங்காமல் நிற்பதும், சிலருக்குச் சற்றே ஏறுவதும் இயல்பே. அதைக் கண்டு உடனே சாப்பாட்டைப் பாதியாக்கிவிட வேண்டாம். பழக்கமில்லாத வேலையால் வலியெடுத்த தசைகள் நீரைத் தேக்கிக்கொள்கின்றன. பயிற்சிக்கு எரிபொருளாகத் தசையில் சேரும் கிளைகோஜன், கிராமுக்குக் குறைந்தது 3 கிராம் நீரையும் உடன் தங்கவைக்கிறது. கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே எடை அப்படியே இருப்பது இதனால்தான்.

எனவே முதலில் அளக்கும் முறையைச் சீராக்குங்கள். காலையில் மலசலம் கழித்தபின், எதையும் உண்பதற்கு முன் எடை பாருங்கள். ஏழு நாள் எடையின் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முன் நீர் கோத்து எடை கூடும் பெண்கள், சென்ற சுழற்சியின் அதே நாட்களோடு ஒப்பிடுவதே சரி. வாரம் ஒருமுறை இடுப்பையும் அளக்க வேண்டும். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே அளவுநாடாவைத் தரைக்கு இணையாகச் சுற்றி, வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். எடை நின்றாலும் இந்த அளவு குறைந்துவந்தால் எதையும் மாற்றத் தேவையில்லை. இரண்டில் நான் இதையே பெரிதும் நம்புவேன்.

ஆறு வாரங்கள் கடந்தும் இரண்டும் அசையவில்லையென்றால், பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் உணவைக் கவனியுங்கள். அரை மணி நேர வேகநடையில் பெரும்பாலோருக்குச் செலவாவது 100 முதல் 200 கலோரிதான். பயிற்சி முடிந்த பசியில் கொறிக்கும் ஒரு கைப்பிடி பாதாம் அதை ஈடுகட்டிவிடும். கண்ணளவில் ஊற்றும் எண்ணெய் இன்னும் எளிதில் ஏமாற்றும்: ஒரு மேசைக்கரண்டியிலேயே ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது. ஒரு வாரமாவது எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றி, உண்பதை அவ்வப்போதே எழுதிவையுங்கள்.

பயிற்சி செய்துவிட்டோம் என்ற நிறைவில் மீதிப் பொழுதை உட்கார்ந்தே கழிக்கிறோமா என்பதையும் பார்க்க வேண்டும். பயிற்சி நாளின் மொத்த நடை எண்ணிக்கையை ஓய்வு நாளோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே பல கிலோ குறைத்தவர்களின் நிலை வேறு. இளைத்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைவென்பதால், முன்பு பலனளித்த அதே உணவளவு இப்போது எடையைக் குறைக்காது. அவர்கள் ஒரு வேளை உணவைச் சிறிது குறைத்து, புரதத்தைக் குறைக்காமல், வாரம் இரண்டு நாளேனும் தசை வலுப்பயிற்சி செய்வது நல்லது.

அளவான உணவோடும் எடை ஏறிக்கொண்டே போனாலோ, கடும் சோர்வோ கால்வீக்கமோ இருந்தாலோ, ஸ்டீராய்டு போன்ற மருந்துகளை உட்கொண்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாட்டை எளிய இரத்தப் பரிசோதனையிலேயே கண்டறிந்துவிடலாம். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.