குளிரில் ஆர்ஓ மெஷினில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? மெம்பரேனை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

எங்கள் வீடு நீலகிரியில் கேத்தி பாலாடா பக்கம். சுற்றிலும் கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. குடிக்கிற தண்ணீர் வீட்டுக் கிணற்றிலிருந்து வருகிறது. போன ஜனவரியில் மகள் மூன்று மாதக் கைக்குழந்தையோடு வந்து தங்கியிருந்தாள். பால்பொடி கலக்க, பாட்டில் கழுவ, ஆறு பேர் குடிக்க என்று தண்ணீர் செலவு கூடிய அதே வாரத்தில் ஆர்ஓ மெஷினில் நல்ல தண்ணீர் நூல் போல மெலிந்து வர ஆரம்பித்தது. சர்வீஸுக்கு வந்த தம்பி, "மெம்பரேன் போயிடுச்சு சார்" என்று சொல்லி, உப்பை வடிகட்டும் அந்தச் சவ்வைப் புதிதாகப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் காலையிலும் அதே நூல்தான்.

நான் டீ ஃபேக்டரியில் 27 வருஷம் ஃபிட்டராக இருந்தவன். அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டிப் பார்க்காமல் ஒரு பாகத்தைக் கழற்றினால் எங்கள் ஃபோர்மேன் கத்துவார். அந்தப் பழக்கத்தில் நானே உட்கார்ந்து அளந்து சரிசெய்ததை எழுதுகிறேன். மலையில் இருக்கிறவர்களுக்கு உதவும். கோயம்புத்தூரில் இருக்கிறவர்களுக்குப் பாதி உதவும்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஆர்ஓ தேவையா? நீலகிரியில் பல வீடுகளுக்குத் தேவையில்லை. இந்தியத் தர நிர்ணயத்தின் குடிநீர் அளவுகோலில், டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்கத்தக்க தண்ணீர். என் கிணற்றில் 140தான். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் எனக்கும் தேவையில்லை. ஆனால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்தபோது நைட்ரேட் லிட்டருக்கு 58 மில்லிகிராம் என்று வந்தது, வரம்பு 45. தோட்டத்து உரம் மழையோடு இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது, வேறொன்றுமில்லை. டிடிஎஸ் மீட்டர் இதைத் தனியாகக் காட்டாது. கொதிக்க வைத்தாலும் போகாது. இங்கே 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கிருமிக்கு அது போதும், நைட்ரேட்டோ தண்ணீர் சுண்டச் சுண்ட கூடத்தான் செய்யும். கிருமியைக் கொல்லும் யுவி விளக்கும் அதை ஒன்றும் செய்யாது. கைக்குழந்தை உள்ள வீட்டில் நைட்ரேட்டை அலட்சியமாக விடக்கூடாது. கடையில் வாங்கலாம் என்றால் லிட்டர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. ஆகவே எனக்கு ஆர்ஓ வேண்டும். உங்கள் தண்ணீரில் அப்படி ஒன்றும் இல்லையென்றால் நல்ல வடிகட்டியும் யுவியும் போதும். இதற்கு மேல் படித்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

இனி அளவு. ஒரு அளவுக் குவளை, போனில் ஸ்டாப்வாட்ச், டிடிஎஸ் மீட்டர், தெர்மாமீட்டர். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, அது தொடங்குவதே முப்பதுக்கு மேலே. ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடியில் காற்றின் ஈரம் பார்க்க இரட்டைத் தெர்மாமீட்டர் மாட்டியிருப்போம். ஒரு குழாய் உடைந்துபோனதால் ஒதுக்கிய ஜோடியில் மிஞ்சிய ஒன்று என்னிடம் இருந்தது. உங்களுக்குச் சமையல் தெர்மாமீட்டர் போதும்.

அளப்பதற்கு முன் டிடிஎஸ் வால்வை மூடுங்கள். பல மெஷின்களில் மூடியைத் திறந்தால் மெம்பரேனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும். சுவைக்காக என்று சொல்லி அதைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். அது மெம்பரேன் வழியாகப் போகாத தண்ணீரை நல்ல தண்ணீரோடு கலந்துவிடுகிறது. வரத்து கூடினாற்போலத் தெரியும், ஆனால் கூடினது வடிகட்டாத தண்ணீர். என் மெஷினில் அது கால்வாசி திறந்திருந்தது. குடிநீரின் டிடிஎஸ் 45. மூடியதும் 13. அதாவது ஒன்றரை வருஷமாக நைட்ரேட்டுக்குப் பயந்து மெஷின் வாங்கி, அந்த நைட்ரேட்டில் கொஞ்சத்தைத் திருகு வழியாகவே குடித்திருக்கிறோம். அன்றைக்கு வந்த கோபத்தை இங்கே எழுதவில்லை.

வால்வை மூடிவிட்டு, காலை ஆறரைக்கு, நல்ல தண்ணீர் வரும் டியூப், கழிவுத் தண்ணீர் வெளியேறும் டியூப் இரண்டையும் தனித்தனியாக ஒரு நிமிஷம் பிடித்தேன். நல்ல தண்ணீர் 88 மில்லி. கழிவு 380 மில்லி. உள்ளே போகும் தண்ணீர் 10 டிகிரி.

என் மெம்பரேன் 75 ஜிபிடி, அதாவது நாளைக்கு 75 அமெரிக்க காலன். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 197 மில்லி. ஆனால் அந்த எண் 25 டிகிரித் தண்ணீருக்கும் கம்பெனி சொல்லும் அழுத்தத்துக்கும் உரியது. குளிர்ந்த தண்ணீர் கெட்டி; மெம்பரேனின் நுண்துளையில் நுழைய மறுக்கும். 25 டிகிரியிலிருந்து ஒவ்வொரு டிகிரி இறங்கும்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் வரத்து குறையும். 10 டிகிரியில் அறுபது சதவீதம்கூட மிஞ்சாது. புது மெம்பரேன் போட்டாலும் ஜனவரி காலையில் இதே கதைதான் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தத் தம்பியைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, சமவெளியில் பயிற்சி எடுத்து வந்தவர்.

ஆனால் குளிர் ஒன்றே காரணமாக இருந்தால் 110க்கு மேல் வந்திருக்க வேண்டும். மீதி எங்கே போனது என்று பார்க்க அழுத்தத்துக்குப் போனேன்.

பம்ப்புக்கும் மெம்பரேனுக்கும் நடுவே ஆங்கில T வடிவ இணைப்பு ஒன்றை வைத்து, 150 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வரை காட்டும் கேஜை மாட்டினேன். கால் அங்குல டியூப் குளிரில் விறைத்துக் கிடக்கும். இழுத்தால் நசுங்கும், செருகினால் ஒழுகும். நுனியை வெந்நீரில் கொஞ்ச நேரம் முக்கி எடுத்து, பிளேடால் நேராக வெட்டிச் செருகுங்கள். கழற்றும்போது இணைப்பின் வளையத்தை உள்ளே அழுத்திக்கொண்டே டியூபை இழுக்க வேண்டும். கரண்டையும் குழாயையும் நிறுத்திவிட்டுத்தான் இதெல்லாம்.

கேஜ் 45 காட்டியது. இந்த வகைச் சின்ன மெஷினுக்கு 70, 80 இருந்தால் நல்லது. 100க்கு மேலே ஏற்ற வேண்டாம்.

அழுத்தம் குறைய இரண்டு காரணம் கிடைத்தது. வெளியே தொங்கும் பத்து அங்குல கிண்ணத்தில் இருக்கும், மண்ணையும் சேற்றையும் பிடிக்கும் ஸ்பன் ஃபில்டர் டீத்தூள் நிறத்துக்குப் போயிருந்தது. எங்களுக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. இரண்டிலும் கிணறு கலங்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று அட்டையில் போட்டிருப்பது மழை பெய்யாத ஊருக்கு. மழைக்காலத்தில் நான் மூன்று வாரத்துக்கொரு முறை கழற்றிப் பார்க்கிறேன். கழுவிப் போடுவதில் பயனில்லை, மேல் அழுக்குதான் போகும், உள்ளே அடைந்தது அடைந்தபடியே இருக்கும். நூறு ரூபாய் சாமானுக்குப் பார்த்துப் பல நூறு ரூபாய் பம்ப்பைக் கெடுக்க வேண்டாம். ஃபில்டரை மாற்றியதும் கேஜ் 52.

அடுத்தது அடாப்டர். பம்ப்புக்கு 24 வோல்ட் டிசி போக வேண்டும். பம்ப் ஓடாதபோது அளந்தால் அழகாக 24 காட்டும், அதை நம்பாதீர்கள். பம்ப் ஓடும்போதே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எனக்கு 19 காட்டியது. அடாப்டர் வயதாகிவிட்டது, சுமை ஏறினால் துவண்டுவிடுகிறது. குன்னூரில் ஒரு கடையில் அதே ஆம்பியரில் புதியது வாங்கிப் போட்டேன். கேஜ் 70. நல்ல தண்ணீர் நிமிஷத்துக்கு 137 மில்லி. தண்ணீர் அதே 10 டிகிரிதான். ஈரக்கையோடு அடாப்டரின் 230 வோல்ட் பக்கம் போகாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

டிடிஎஸ் குறைந்த தண்ணீரில் இன்னொரு வசதி உண்டு. அழுத்தத்தில் ஒரு பங்கு உப்பின் எதிர்ப்பைத் தாண்டுவதிலேயே செலவாகும். 100 டிடிஎஸ்ஸுக்கு ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ. 140க்கு அது ஒன்றுமே இல்லை. அதனால் இங்கே அழுத்தம் ஏறும் அளவுக்கு வரத்தும் அப்படியே ஏறும்.

இனி குளிருக்கு வருவோம். முதலில் நான் செய்தது முட்டாள்தனம். பத்து மீட்டர் டியூபைச் சுருட்டி அடுப்புப் பக்கம் மாட்டினேன், போகிற வழியில் சூடாகட்டும் என்று. ஒரு டிகிரிகூட ஏறவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் மாட்டியே இருக்க மாட்டேன்: பத்து மீட்டர் டியூபுக்குள் 150 மில்லி தண்ணீர்தான் நிற்கும். நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ஓடுகிற இடத்தில் அது பதினைந்து விநாடியில் கடந்துவிடும். "ஃபேக்டரியிலும் இப்படித்தான் வேலை பார்த்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

வேலை செய்தது டிரம். எங்கள் சமையலறையில் விறகடுப்பு இன்னும் உண்டு, சூடெல்லாம் மேலேதான் நிற்கும். கான்கிரீட் லாஃப்டில் மூடி போட்ட 50 லிட்டர் உணவுத்தர டிரம் ஒன்றை வைத்து, மாலையில் நிரப்பி, அங்கிருந்து மெஷினுக்கு இறக்கினேன். விடிகாலையில் தண்ணீர் 17 டிகிரி. நிரம்பிய டிரம் 50 கிலோவுக்கு மேல், மரப்பரணில் இதைச் செய்யாதீர்கள். உயரம் போதாவிட்டால் மெஷினில் இருக்கும் குறை அழுத்த சுவிட்ச் பம்ப்பை விட்டுவிட்டு ஓட்டும். அப்படியானால் டிரம்மை இன்னும் மேலே ஏற்றப் பாருங்கள். டிரம் வைக்க இடமில்லாதவர்கள் மெஷினைக் காலையில் ஓட்டாமல் மதியம் இரண்டு மணிக்கு ஓட்டலாம். வெயில் பட்ட கறுப்புத் தொட்டித் தண்ணீர் அப்போது நன்றாகவே சூடேறியிருக்கும். ஓட்டிப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கீசர் தண்ணீரை மட்டும் கலக்கவே வேண்டாம். 45 டிகிரியைத் தாண்டினால் மெம்பரேன் வீண், கைக்கணக்கில் கலந்தால் என்றைக்காவது ஒருநாள் தாண்டும்.

17 டிகிரி, 70 பிஎஸ்ஐ: நல்ல தண்ணீர் 176 மில்லி. 88க்குச் சரியாக இரண்டு மடங்கு, மெம்பரேனைத் தொடாமலே.

கடைசியாகக் கழிவு. கழிவு டியூபில் சின்னக் குப்பிபோல ஒரு ரெஸ்ட்ரிக்டர் இருக்கும், மேலே 450 என்று எழுதியிருக்கும். நிமிஷத்துக்கு அவ்வளவு மில்லி கழிவு விடு என்று அர்த்தம். உப்புத்தண்ணீர் ஊருக்கு அது சரி. என் கிணற்றுக்கு 300 போட்டேன். கழிவு 310க்கு இறங்கியது, அதன் டிடிஎஸ் 210. உப்பு படியும் அளவெல்லாம் இல்லை. முன்பு ஒரு டிரம்முக்கு ஒன்பது லிட்டர் குடிநீர், இப்போது பதினெட்டு. தண்ணீர் கடினமாக இருக்கிறவர்கள், பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறவர்கள், இதைச் செய்யாதீர்கள். யாராக இருந்தாலும் கழிவு டியூபை முடிச்சுப் போட்டு அடைக்காதீர்கள். அப்படிச் செய்த ஒருவரின் மெம்பரேனைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. எங்கள் கழிவுத் தண்ணீர் பூண்டுப் பாத்திக்குப் போகிறது. நைட்ரேட் பூண்டுக்கு உரம்தானே. மாட்டுக்கு வைப்பதில்லை.

ரெஸ்ட்ரிக்டர் மாற்றினால் குடிநீரை மறுபடி ஆய்வகத்தில் கொடுங்கள். மெம்பரேன் மற்ற உப்புகளைத் தடுக்கிற அளவுக்கு நைட்ரேட்டைத் தடுக்காது. எனக்கு நைட்ரேட் 9 என்று வந்த பிறகுதான் பேத்திக்கு மறுபடி கொடுத்தோம்.

இவ்வளவும் செய்தும் வரத்து ஏறவில்லையென்றால், அழுத்தமும் சூடும் சரியாக இருக்கிறது என்று கேஜும் தெர்மாமீட்டரும் சொன்னால், அப்போது மெம்பரேனை மாற்றுங்கள். புதியதின் முதல் ஒரு மணி நேரத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போடும் வீடுகளில் குளோரினைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டரைத் தள்ளிப்போடாமல் மாற்ற வேண்டும், குளோரின் மெம்பரேனை அரித்துவிடும்.

டிரம்மை ஞாயிற்றுக்கிழமை காலி செய்து தேய்த்துக் கழுவுகிறேன். ஏப்ரலில் கிணற்றுத் தண்ணீரே 18, 19 வந்துவிடும், அப்போது டிரம்மை இறக்கிவிட்டுத் தொட்டியிலிருந்தே கொடுப்பேன். கிணறு இறங்கி டிடிஎஸ் ஏறுவதும் அந்த மாதத்தில்தான், அதனால் பழைய 450 ரெஸ்ட்ரிக்டரைத் தூக்கிப்போடாமல் கேஜ் பக்கத்திலேயே ஆணியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.