கோலியை உருட்டி அணுக்கருவை அளப்பது

பள்ளிக் கண்காட்சியில் அணு என்றாலே தெர்மாகோல் பந்தும் கம்பியும்தான். தாம்சனின் அணுவை ஏன் கைவிட்டார்கள் என்பதை அந்தப் பந்துகள் சொல்லாது. எண்ணிப் பார்த்தால் தெரியும்; அதற்குக் கோலி போதும்.

கேரம் போர்டில் 60 செ.மீ. இடைவெளியில் இணையாக இரண்டு சாக்பீஸ் கோடுகள் போடுங்கள். மொட்டை மாடி வேண்டாம்: மழைநீர் வடியச் சரிவாகப் போட்ட தளம், கோலி ஒரே பக்கம் ஓடும். டைல்ஸ் தரையில் இணைப்புப் பள்ளம் கோலியை இழுத்துக்கொள்ளும்.

முதலில் கோடுகளுக்குக் குறுக்கே ஒரு துவாலையை விரித்து, கோடுகளுக்கு இணையாகக் கோலியை உருட்டுங்கள். வேகம் குறையும், எதுவும் திரும்பி வராது. நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவியிருக்கிறது என்ற தாம்சன் மாதிரி (1904) எதிர்பார்த்ததும் கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் 1909-ல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டெனும் எண்ணியபோது, உலோகத் தகட்டில் பட்ட ஆல்ஃபா துகள்களில் (நேர்மின்சுமை கொண்ட வேகமான துகள்கள்) சுமார் 8000-ல் ஒன்று திரும்பி வந்தது.

அப்படியானால் நேர்மின்சுமை ஒரு சிறு கருவில் குவிந்திருக்க வேண்டும். இப்போது துவாலையை எடுத்துவிட்டு, கருக்களாக 16 மி.மீ. கோலி ஆறைக் கோடுகளுக்குக் குறுக்கே ஒரே வரிசையில் களிமண்ணால் ஒட்டுங்கள்; உருட்டும் கோலிதான் ஆல்ஃபா துகள். மையத்துக்கு மையம் 3.5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, கோட்டிலிருந்து 2 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும். தீப்பெட்டிகளை நிறுத்தி, மேலே அட்டை வைத்து மறையுங்கள். 1 முதல் 60 வரை சீட்டு எழுதிக் குலுக்கி, வந்த சென்டிமீட்டரிலிருந்து நேராக உருட்டுங்கள். கண்ணால் குறிபார்த்தால் கணக்கு கெட்டது. கோட்டைத் தாண்டியதைச் சேர்க்காதீர்கள். 'டக்' என்று கேட்டால் ஒரு மோதல்.

மறைந்த கோலியின் விட்டம் (செ.மீ.) = மோதல் × 60 ÷ (2 × 6 × மொத்த உருட்டு). அந்த 2 எதற்கு? உருளும் கோலிக்கும் அதே அகலம் உண்டு. 200 உருட்டில் 64 மோதினால் விடை 1.6 செ.மீ. வெறும் 20 உருட்டோடு நிறுத்தினால் விடை மூன்றில் ஒரு பங்கு வரை சாதாரணமாகப் பிசகும். 200-ல் பத்தில் ஒரு பங்கு.

உண்மையில் ஆல்ஃபா துகள் கருவைத் தொடுவதில்லை, மின்விலக்கமே அதைத் திருப்புகிறது. 1911-ல் ரூதர்ஃபோர்டு போட்ட கணக்கு அதை வைத்துத்தான். இங்கே கோலிகள் நெருக்கமாக இருப்பதும் நம் வசதிக்காக: தங்க அணு சேப்பாக்கம் மைதானம் என்றால் கரு ஒரு பட்டாணி.

'எலக்ட்ரான் ஏன் கருவில் விழவில்லை?' என்று யாராவது கேட்பார்கள். இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1913-ல் எடுத்துக்கொண்ட கேள்வி அது. கோலியில் அதைக் காட்ட முடியாது, அப்படியே சொல்லிவிடுங்கள்.