சுவீடன் குடும்பப்பெயரின் வேரைக் கண்டுபிடிப்பது எப்படி

முதலில் பெயர் எப்படி முடிகிறது என்று பாருங்கள். எந்தத் தரப்பார் வைத்துக்கொண்ட பெயர் என்பது பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

'சோன்' என்று முடிந்தால் தந்தைவழிப் பெயர். ஆண்டெர்ஸின் மகன் ஆண்டெர்சோன், மகள் ஆண்டெர்ஸ்டோட்டர். தேடுகிறவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். 1800களின் பிற்பகுதி வரை கிராமங்களில் இது தலைமுறைக்குத் தலைமுறை மாறியது. யூஹான் ஆண்டெர்சோனின் தந்தை ஆண்டெர்ஸ் நில்சோன் என்றால், தாத்தாவின் பெயர் நில்ஸ். ஆண்டெர்சோன் என்ற பெயரையே பிடித்துக்கொண்டு மேலே போனால் வேறு யாருடைய குடும்பத்திலோ போய் நிற்பீர்கள்.

ரஸ்க் (விரைவு), மூடிக் (துணிவு), ஸ்டோல் (எஃகு) போன்ற குட்டைப் பெயர்கள் பெரும்பாலும் படைவீரர்களுடையவை. 1682இல் பதினொன்றாம் கார்ல் மன்னர் தொடங்கிய படைமுறையில், சில பண்ணைகள் சேர்ந்து ஒரு வீரனுக்குக் குடிசையும் நிலமும் கொடுத்தன. அந்தக் குடிசைக்கு அடுத்து வந்த வீரனுக்கும் பல இடங்களில் அதே பெயரையே சூட்டினார்கள். அதனால் பெயர் ஒன்று என்பதற்காக உறவு என்று முடிவுகட்ட வேண்டாம்.

லிண்ட்பெர்க், பெர்க்ஸ்ட்ரோம், லுண்ட்கிரேன் எல்லாம் இயற்கைப் பெயர்கள். லிண்டன் மரம், மலை, நீரோட்டம், தோப்பு, கிளை என்று பிரித்துப் பொருள் சொல்லலாம். சேர்த்துச் சொன்னால் பல நேரம் பொருளே வராது. ஓசைக்காகக் கோத்தவை பல. ஆனால் ஒரு பாதி சொந்த ஊரின் பெயரிலிருந்து வந்திருக்கலாம், அதை மட்டும் சரிபாருங்கள். 'யுஸ்' என்று முடிந்தால் படித்தவர்கள், பாதிரிமார்கள் லத்தீனில் ஆக்கிக்கொண்டது. தாவரவியல் அறிஞர் லின்னேயுஸின் பெயர் குடும்ப நிலத்தில் நின்ற ஒரு லிண்டன் மரத்திலிருந்து வந்தது.

இனி ஆவணம். பங்கின் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதியின்) பெயர் தெரியாமல் தொடங்காதீர்கள். தேசிய ஆவணக்காப்பகத்தின் தளத்தில் தேவாலயப் பதிவேடுகளை இலவசமாகப் பார்க்கலாம். பிறப்புப் பதிவிலிருந்து வீட்டுத் தேர்வுப் பதிவேட்டுக்கு (வீட்டாரின் சமய அறிவைச் சோதித்துப் பாதிரியார் எழுதிவைத்த ஏட்டுக்கு)ப் போங்கள். ஒரு வீட்டார் அனைவரும் பிறந்த நாள், பிறந்த ஊர், வந்த இடம், போன இடத்தோடு அதில் ஒரே பக்கத்தில் இருப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பதிவேடாகப் பின்னோக்கிப் போங்கள். பெயர் முதலில் தலைகாட்டும் வரியில் அவர் படையில் சேர்ந்தாரா, தொழில் பழகப் போனாரா, நகரத்துக்குக் குடிபெயர்ந்தாரா என்று பாருங்கள். பெயர் வந்த காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

லிண்ட்க்விஸ்ட் என்பதைப் பழைய பதிவுகளில் மூன்று நான்கு எழுத்துக்கூட்டல்களில் காணலாம். எல்லாவற்றையும் போட்டுத் தேடுங்கள். ஓபெர்க் (Åberg) அகரவரிசையின் தொடக்கத்தில் கிடைக்கவில்லையென்றால் கடைசிக்குப் போங்கள். மேலே வளையமோ புள்ளிகளோ உள்ள மூன்று உயிரெழுத்துகளும் (å, ä, ö) அங்கேதான் வரும்.