பல் கிளினிக்கில் கோவிட் ஸ்கிரீனிங்: மாத்திரை போட்டாரா என்று கேட்ட பிறகே தெர்மாமீட்டர்

சேலத்தில் ஒன்றிரண்டு நாற்காலி போட்டுக் கிளினிக் நடத்துபவர்களுக்கும், வரவேற்பு மேசையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், கோவிட் பரவும் காலத்துக்கான பதிவு இது. கையுறை, கவச உடை பற்றி எழுதப்போவதில்லை, அது எல்லோருக்கும் பழகிவிட்டது. நோயாளி நாற்காலியில் சாய்வதற்கு முன் என்ன கேட்பது, எதை அளப்பது, யாரைத் தள்ளிப்போடுவது என்பது மட்டும்தான் இங்கே.

பல்லைக் குடையும் ஏரோட்டரும், பல் காரையை எடுக்கும் அல்ட்ராசோனிக் ஸ்கேலரும் தண்ணீரோடு எச்சிலையும் நுண்துளிகளாக அடித்து அறையெங்கும் பரப்பிவிடும். நோயாளி மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறக்க முடியாது. அதனால்தான் வாசலிலேயே இவ்வளவு கவனம் தேவைப்படுகிறது.

1. போனிலேயே பாதி வேலை

அப்பாயின்ட்மென்ட் கேட்டு அழைக்கும்போதே விசாரித்துவிடுங்கள். தொற்றிய பிறகு அறிகுறி வெளிப்பட 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். அதனால் கடந்த 14 நாளைக் கணக்கில் எடுங்கள். "கோவிட் இருக்குதுங்களா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றுதான் பதில் வரும். "வீட்ல யாருக்காச்சும் சளி, இருமல், உடம்பு வலி இருந்துச்சுங்களா? விசேஷம், துக்கம்னு எங்கயாச்சும் போயிட்டு வந்தீங்களா?" என்று கேளுங்கள். வாசனை தெரிகிறதா என்பதற்கு, "இன்னிக்குக் காலையில காபி வாசம் தெரிஞ்சுதுங்களா?" என்பதே என் கேள்வி. சட்டென்று யோசித்து உண்மையைச் சொல்வார்கள்.

சாதாரண ஸ்கேலிங், பல் வெளுப்பாக்குதல் எல்லாம் காத்திருக்கலாம். வீக்கம், நிற்காத ரத்தம், அடிபட்ட பல், தூங்கவிடாத வலி காத்திருக்காது. வீக்கம் கழுத்துக்கு இறங்கி, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் கிளினிக்குக்கே வரச் சொல்லாதீர்கள். நேராக மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

2. காய்ச்சல் பார்ப்பது

பலரும் தடுமாறுவது இங்கேதான். எனக்கும் இது முழுதாகப் பிடிபட நாளானது.

பல் வலியோடு வருகிறவர் பெரும்பாலும் டோலோ போன்ற பாராசிட்டமாலோ, இபுபுரூஃபென் கலந்த மாத்திரையோ போட்டுக்கொண்டுதான் வருவார். அந்த மாத்திரை வலியோடு காய்ச்சலையும் சேர்த்தே இறக்கிவிடும். நெற்றியில் காட்டினால் 98 வரும், நாம் உள்ளே அனுப்பிவிடுவோம். ஆகவே தெர்மாமீட்டரை எடுக்கும் முன் "கடைசியா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டீங்க?" என்று கேளுங்கள். ஆறு மணி நேரத்துக்குள் போட்டிருந்தால் அந்த 98-ஐ நம்பாதீர்கள். தள்ளிப்போடக்கூடிய வேலை என்றால், இன்னொரு நாள் மாத்திரை போடாமல் வரச் சொல்லுங்கள். அவசரம் என்றால் அன்றைய கடைசி நோயாளியாக, முழுக் கவசத்தோடு, முடிந்தவரை ஏரோட்டர் இல்லாமல் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. வேர் நுனியில் சீழ் கட்டினாலே காய்ச்சல் வரும். 100.4 டிகிரிக்கு மேல் காட்டியதும் விரட்டிவிட்டால், வீங்கிய கன்னத்தோடு ஆத்தூரிலிருந்து வந்தவர் எங்கே போவார்? பல்லைத் தட்டினால் வலி, ஈறில் வீக்கம், வேறு எந்த அறிகுறியும் இல்லை என்றால், காய்ச்சலுக்குக் காரணம் பல்தான் என்று எடுத்துக்கொண்டு உரிய பாதுகாப்போடு சிகிச்சை செய்யலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டுதலும் இதையே சொன்னது. இருமலோ, வாசனை இழப்போ கூடச் சேர்ந்திருந்தால் முதலில் மூக்கு, தொண்டையில் மாதிரி எடுத்துக் கோவிட் பரிசோதனை. முடிவு வரும்வரை வலிக்கு மருந்து மட்டும் கொடுங்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். ஓமலூரிலிருந்து மதியத்தில் பைக்கில் வந்தவரின் நெற்றி சுடத்தான் செய்யும். வியர்வை வழிந்தால் அளவு குறைத்தும் காட்டும். துடைத்துவிட்டு, நிழலில் பதினைந்து நிமிடம் உட்காரவைத்துப் பிறகு பாருங்கள். கருவி உடல் வெப்பம் பார்க்கும் மோடில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் நான் நம்புவது அக்குளில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரைத்தான். விலையும் குறைவு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போதும்.

3. ஆக்ஸிமீட்டர்

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்கும் கருவி இது. 94 சதவீதத்துக்குக் கீழே என்றால் பல் வேலை வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். நெயில் பாலிஷ், அடர்ந்த மருதாணி இருந்தால் அளவு பிசகும், வேறு விரலில் பாருங்கள்.

4. வாய் கொப்பளிப்பது

வேலை தொடங்கும் முன், 0.2 சதவீத போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியில் ஒரு நிமிடம் கொப்பளிக்கச் சொல்கிறோம். தைராய்டு பிரச்சினை, அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது வேண்டாம். அவர்களுக்கு 1 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம். இது எச்சிலில் உள்ள கிருமியைக் கொஞ்ச நேரம் குறைக்கத்தான். ஸ்கிரீனிங்குக்கு மாற்று இல்லை.

பின்சேர்க்கை

ஏற்காட்டில் எஸ்டேட் தொழிலாளர்களைப் பார்க்கும் ஒரு மருத்துவர், காலையில் எல்லோருக்கும் 95 டிகிரி காட்டுகிறது, ஆக்ஸிமீட்டரும் தடுமாறுகிறது என்று எழுதியிருந்தார். குளிர்தான் காரணம். முதலில் தெர்மாமீட்டர் அறை வெப்பத்துக்குப் பழக வேண்டும், வாசலில் தொங்கவிடாதீர்கள். நோயாளியை உள்ளே உட்காரவைத்து, கைகளைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு விரலில் மாட்டுங்கள்.

சீக்கிரம் முடிவு தரும் ரேபிட் ஆன்டிஜென் பரிசோதனையில் நெகட்டிவ் என்று சீட்டு கொண்டுவருகிறார்களே, போதுமா என்று இன்னொருவர் கேட்டார். அறிகுறி இருந்தால் போதாது, ஆய்வகத்தில் செய்யும் ஆர்டி-பிசிஆர் பரிசோதனை எடுத்து உறுதிசெய்ய வேண்டும் என்பதே கோவிட் காலத்தில் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வகுத்த விதி. அறிகுறி இல்லாதவரிடமும் அந்தச் சீட்டைப் பார்த்து மாஸ்க்கைத் தளர்த்தாதீர்கள். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே தொற்று பரவக்கூடும்.